முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரி

அத்தியாயம் 11

போன வாரம் தாமசினாவைக் கையில் துடைப்பத்தோடு வாசற்படியில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

வீட்டில் சாவு. அவளுடைய அப்பா எசாயா பிளைகன் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சதுப்பு நிலத்தில் சிப்பி எடுக்கப் போன இடத்தில், கறுப்புச் சேற்றில் உட்கார்ந்தவாறே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று சனிக்கிழமை. பதினோரு மணிக்கு அடக்கம். தீவுக்காரர்கள் எல்லோரும் காலையிலேயே தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். பெட்டியும் போய்விட்டது. தாமசினா மட்டும் வீட்டைப் பெருக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று நின்றவள், பாலத்தைத் தாண்டி வந்து நின்ற வாடகைக் காரைப் பார்த்துச் சிலையாகிவிட்டாள்.

டிரைவர் ஓடிவந்து தொப்பியைக் கழற்றிக் கதவைத் திறந்தான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை, குதிகால் உயர்ந்த செருப்போடு ஒரு சீமாட்டி இறங்கினாள். கூடவே ஐந்து வயதுப் பெண் குழந்தை.

சீமாட்டியாவது ஒன்றாவது. தாமசினாவின் கூடப் பிறந்த தங்கை லர்லீன்தான் அது.

கார் திரும்பிப் போகும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை. டிரைவருக்குச் சந்தேகம் வரக்கூடாது இல்லையா? எட்டு வருஷப் பகை இருந்தாலும் அந்த ஜாக்கிரதை மட்டும் இருவருக்கும் தானாக வந்தது.

"யாருடி உனக்குச் சொன்னது? நான் தந்தி கொடுக்கலையே" என்றாள் தாமசினா.

"யாரும் சொல்லலக்கா." லர்லீனின் உதடு வெடித்துப் போயிருந்தது. "இவதான் சொன்னா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். ஸ்பூனைக் கீழ வச்சுட்டு, 'அம்மா, அந்தத் தாத்தா சேத்துல உக்காந்துட்டார், எந்திரிக்க மாட்டேங்கறார்'னு சொன்னா. அப்பாவை இவ பார்த்ததே இல்லக்கா. நான் பேச்செடுத்ததும் இல்ல."

பேச்செடுத்திருக்க முடியாது. தங்கை சவான்னா நகரத்தில் வாரன் டீஸ்டேல் என்ற வெள்ளைக்காரரின் மனைவி. டிராக்டர் சாமான் விற்கிறவர், நல்ல மனுஷர் என்று கேள்வி. அவருக்கோ அந்தத் தெருவுக்கோ லர்லீன் கறுப்பு வீட்டுப் பெண் என்பது தெரியாது. பிறக்கும்போதே பாலில் நனைத்து எடுத்த நிறம். அந்த நிறம் எந்தத் துரை வீட்டிலிருந்து எந்தத் தலைமுறையில் வந்தது என்று குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. பேசினால் வயிறு எரியும். வெள்ளையும் கறுப்பும் கட்டிக்கொண்டால் சிறை என்று சட்டம் இருக்கிற 1955ஆம் வருஷம். உண்மை தெரிந்தால் கல்யாணம் செல்லாது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, புருஷன் வாசல் கிடையாது. ஒரே நாளில் எல்லாம் போகும்.

ஆறாவது வாரம் படித்தவர்களுக்கு அந்தத் தொப்பிக்கடை நினைவிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் லர்லீன் அங்கே விற்பனைப் பெண். மகளைப் பார்க்க ஒரு மூட்டைச் சிப்பியோடு அப்பா முன்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டார். கடை நிறையக் கூட்டம். முதலாளியம்மா "யார் இவன்?" என்று கேட்டாள். "தெரியாது" என்றாள் மகள். அதோடு விட்டாளா? அப்பாவின் முகத்தைப் பார்த்து, "உங்க ஆளுங்க பின்வாசல் வழியாத்தான் வரணும்" என்றாள்.

அவரும் பின்வாசலுக்குச் சுற்றிப் போனார். மூட்டையை அங்கே இறக்கி வைத்தார். தீவுக்குத் திரும்பி வந்தவர், சாகும்வரை சின்ன மகளின் பெயரை உச்சரிக்கவில்லை. தாமசினாவும் உச்சரிக்கவில்லை. ஆனால் மனசுக்குள் தினமும் ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு வைத்துத் திட்டாமல் தூங்கினதும் இல்லை.

இன்று நேரிலேயே நிற்கிறாள். திட்டலாம் என்று வாயைத் திறந்த தாமசினா, குழந்தையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. பட்டுச் சட்டை போட்டிருந்த அந்தக் குழந்தையின்மேல் சேற்று வாசனை வீசியது. சதுப்பில் தண்ணீர் வற்றும்போது அடிக்குமே, அந்த அழுகல் வாசனை.

"நாலு நாளா தண்ணியைத் தவிர எதுவும் இறங்கலக்கா. டாக்டர் ஒண்ணுமில்லங்கறார். காலைல எழுப்பினா பாதமெல்லாம் கறுப்புச் சேறு. எங்க வீடு இருக்கிறது கல் பாவின தெருவுல. சேத்துக்கு எங்க போறது?"

தாமசினா குனிந்து குழந்தையின் கையைப் பிடித்தாள். ஆகஸ்ட் வெயிலில் அது சில்லென்று இருந்தது.

"உள்ள வா கண்ணு."

"நான் வரல ஆயா" என்றது குழந்தை.

ஆயா! வெள்ளை வீட்டுக் குழந்தைகள் வேலைக்காரிகளைக் கூப்பிடுகிற வார்த்தை. சொந்தப் பெரியம்மாவைக் கூப்பிடுகிறது. லர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள். தாமசினாவுக்குச் சுருக்கென்றது, ஆனாலும் குழந்தைமேல் கோபித்துக்கொண்டு என்ன செய்ய?

"ஏன் வரல?"

குழந்தை கதவு நிலையைக் காட்டியது. தீவில் எல்லா வீட்டுக் கதவு நிலைக்கும் நீலச் சாயம் பூசியிருக்கும். செத்தவர்கள் அதைத் தாண்ட மாட்டார்கள்.

"அவரால இந்த நீலத்தைத் தாண்டி வர முடியாதாம். தனியா இருப்பார்ல? அதான் நானும் வெளியவே இருக்கேன்."

சொல்லிவிட்டுத் திண்டில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு நகர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் சிரித்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் குழந்தை கேட்டுச் சிரித்தது.

"உன் பேர் என்னம்மா?" தாமசினாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"கரோலின். ஆனா அவர் என்னை மிம்பான்னுதான் கூப்பிடறார்."

துடைப்பம் கீழே விழுந்தது.

பிளைகன் வீட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த கிழமையை வைத்து வீட்டுப்பெயர் ஒன்று உண்டு. அதை வீட்டுப் பெரியவர்தான் வைப்பார். வெளியாருக்குச் சொல்ல மாட்டார்கள்.

"இவ என்னைக்குப் பொறந்தா?" என்று தங்கையைக் கேட்டாள்.

"சனிக்கிழமை" என்றாள் லர்லீன். சொன்னவுடன் அவளுக்கும் புரிந்துவிட்டது. சனிக்கிழமைப் பெண்ணுக்கு மிம்பா. "அக்கா, அப்பா பேர் வச்சுட்டாரு. கூட்டிட்டுப் போகப் போறாரு."

"வாயைக் கழுவு!" என்று சீறினாள் தாமசினா. ஆனால் அவளுக்கும் அதே பயம்தான். பெரியவர் செத்தால், பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு முன்னால், வீட்டுச் சின்னக் குழந்தைகளைப் பெட்டிக்கு மேலாக ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் செத்தவர் குழந்தையை விட்டுவிட்டுத் தன் வழியில் போவார். கொடுக்காமல் விட்ட குழந்தை தேறினதாக இந்தத் தீவில் கதை கிடையாது. அதைக் கொடுக்கிறவர்களும் வீட்டு ஆட்களாகத்தான் இருக்க வேண்டும்.

"அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் லர்லீன். "குழிக்குப் பக்கத்துல, ரெண்டே நிமிஷம். குடுத்துட்டு நாலு மணி பஸ்ஸுல போயிடறேன். உன் கண்ணுலயே பட மாட்டேன்."

"ஹாலக் துரை வராரு, தெரியுமா?"

லர்லீனின் கண் பாலத்துப் பக்கம் போனது. சிப்பித் தொழிற்சாலை முதலாளி ஹாலக். அப்பா முப்பத்தொரு வருஷம் அவரிடம்தான் வேலை பார்த்தார். சாவுக்கு வராமல் இருப்பாரா?

தாமசினா யோசித்தாள். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்காக யோசிக்க அவளை விட்டால் அந்த வீட்டில் ஆள் கிடையாது.

"பயப்படாத. எனக்குத் தெரிஞ்சு எத்தனையோ சாவு பார்த்தாச்சு. வெள்ளைக்காரங்க பிரசங்கம் வரைக்கும்தான் இருப்பாங்க. முடிஞ்சதும் கடிகாரத்தைப் பாப்பாங்க, தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. ஒருத்தரும் குழி வரைக்கும் வந்ததில்ல. அவர் வண்டி பாலத்தைத் தாண்டட்டும், அப்புறம் குடுத்துடலாம்."

"அதுவரைக்கும் நான் எங்க உக்கார்றது?"

"எங்க உக்காருவ? இந்த வேஷத்துல வந்தவ எங்க உக்காரணுமோ அங்கதான்."

* * *

தேவாலயத்தில் இடப்பக்க முன்வரிசை பெஞ்சில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருப்பார்கள். சாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு. நாள் முழுக்க அவர்களுடைய ஊரில் கறுப்பர்களைப் பின்னால் உட்கார வைப்பார்கள். இங்கே வந்தால் முன்னால் உட்காருவார்கள். எங்கே போனாலும் நல்ல இடம் அவர்களுக்குத்தான்.

வாசலில் சபை உதவிக்காரர் செபதே நின்றிருந்தார், அக்கா தங்கைக்குத் தாய்மாமன் முறை. லர்லீனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளை ஆற்றில் பிடித்துக்கொண்டவர். அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"வாங்கம்மா. இப்படி முன்னால உக்காருங்க, காத்து வரும்" என்று விசிறியைக் கொடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நூற்றைம்பது பேர் இருந்தார்கள். அதில் பாதிப்பேர் அவள் மூக்கொழுக ஓடினதைப் பார்த்தவர்கள். ஒரு தலை திரும்பவில்லை. அந்தத் தீவுக்கு எல்லாம் தெரியும், வெள்ளைக்காரர் முன்னால் எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த லாட்டி மட்டும் விசிறிக்குப் பின்னால் முணுமுணுத்தாள்:

"வெயில்ல போட்டு மறந்துட்ட துணி மாதிரி வெளுத்துட்டாளே."

"சும்மா இருடி" என்றாள் பக்கத்திலிருந்தவள். இருவருக்கும் அடக்க முடியாமல் தோள் குலுங்கியது.

தாமசினா தன் மூன்று வயது மகன் ஜோயலோடு வலப்பக்கம், குடும்பத்தார் பெஞ்சில் உட்கார்ந்தாள். நடுவில் பெட்டி. அந்தப் பக்கம் பெட்டிக்குள் இருப்பவரின் சொந்த மகள், விருந்தாளியாக.

ஹாலக் துரை வந்தார். எழுபது வயது, பருத்த உடம்பு, வியர்வை. முன் பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"துணைக்கு நீங்க இருக்கீங்களே, சந்தோஷம்மா. நான் ஹாலக்."

"மிஸஸ் டீஸ்டேல். சவான்னா."

"டிராக்டர் சாமான் டீஸ்டேலா? என் தொழிற்சாலை பம்பே அவர்கிட்ட வாங்கினதுதான்! எசாயா உங்ககிட்டயும் வேலை பார்த்தானா?"

எதிர்ப்பக்கத்திலிருந்து தாமசினா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து தெரியும்" என்றாள் லர்லீன்.

"நல்லவன். முப்பத்தொரு வருஷத்துல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல."

"ஆமா" என்றாள் லர்லீன். "எதிர்த்துப் பேச மாட்டார்."

பாட்டு ஆரம்பித்தது. வாத்தியம் எதுவும் கிடையாது, கால்தட்டலும் கைதட்டலும்தான். தரைப்பலகை அதிர்ந்தது. எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். குழந்தை கரோலின் மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுநடுவே தலையை ஆட்டியது, சரி, சரி என்று. ஒரு தடவை மெல்லக் கையையும் அசைத்தது.

தாமசினாவின் மடியிலிருந்த ஜோயல் சட்டென்று முகத்தை அவள் மார்பில் புதைத்துக்கொண்டான். "அம்மா, அந்தப் பாப்பா காலடில தண்ணி" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் துணி விரித்த பெஞ்சுக்குக் கீழே, குழந்தையின் செருப்பைச் சுற்றிப் பலகை நனைந்து கறுத்திருந்தது. மழை பெய்து பன்னிரண்டு நாள் ஆகிறது.

பிரசங்கம் முடிந்தது. ஹாலக் துரை கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியை எடுத்தார். அப்பாடா என்று தாமசினா நினைத்த நேரத்தில், அவர் லர்லீன் பக்கம் திரும்பினார்.

"கிளம்பலாமாம்மா? வண்டில பஸ் நிறுத்தம் வரைக்கும் விட்டுடறேன்."

"நான் அடக்கம் முடிஞ்சு போறேன்."

"அடக்கத்துக்கா? தனியாவா?" அவர் சுற்றிலும் இருந்த கறுப்பு முகங்களைப் பார்த்தார். "அது நல்லா இருக்காதும்மா. ஒரு சீமாட்டியை இவங்களுக்கு நடுவுல தனியா விட்டுட்டுப் போனேன்னு டீஸ்டேலுக்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? நானும் கூட இருக்கேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமா? இது என் கடமை."

முப்பது வருஷமாக ஒரு வெள்ளைக்காரரும் மிதிக்காத சுடுமணலில், லர்லீன் போட்டு வந்த வேஷத்துக்கு மரியாதை செய்வதற்காகவே ஒருவர் நடந்து வந்தார். தாமசினாவின் கணக்கில் இது இல்லை. வெள்ளைக்காரியை வெள்ளைக்காரர் தனியாக விட மாட்டார் என்பது எப்படி அவளுக்குத் தோன்றாமல் போனது? அவளை யாரும் எங்கும் அப்படிக் காத்து நின்றதில்லை, அதனால் தோன்றவில்லை.

* * *

கல்லறை நிலம் சதுப்பின் விளிம்பில். ஓக் மரங்களில் சாம்பல் பாசி தாடியாகத் தொங்கும். மத்தியான வெயிலிலும் கீழே இருட்டு. குழிக்கு மேலே இரண்டு கட்டைகள், கட்டைகள்மேல் பெட்டி. குடும்பத்தார் ஒரு பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கம், கொஞ்சம் தள்ளி, ஹாலக்கும் லர்லீனும் குழந்தையும்.

செபதே முதலில் ஜோயலைத் தூக்கினார். வீட்டுப்பெயரைச் சொல்லிப் பெட்டிக்கு மேலாக நீட்டினார். தாமசினா இந்தப் பக்கம் வாங்கிக்கொண்டாள். ஒரு நொடி வேலை. எல்லோரும் "ஆமென்" என்றார்கள்.

"வேற குழந்தை இருக்கா?" என்று செபதே கேட்டார். கேட்பது முறை. யாரையும் பார்க்காமல் கேட்டார்.

தாமசினா பதில் சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். எட்டு வருஷமாக அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தை: இவ என் தங்கச்சி. ஊருக்கு நடுவே, துரைக்கு முன்னால், அப்பாவை வெளியே அனுப்பினவளை வெளியே இழுத்துப்போட வேண்டும் என்று எத்தனை தடவை ஆசைப்பட்டிருக்கிறாள்! இப்போது வாய் வரவில்லை. அதை லர்லீன்தான் சொல்லவேண்டும். அதைப் பறித்துக்கொண்டால் அவளும் ஒரு திருடி.

செபதே கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தலையசைத்தார். பெட்டிக்கு அடியில் கயிறு மாட்டினார்கள்.

அப்போது குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டுக் குழியை நோக்கி நடந்தது. ஓடவில்லை. யாரோ கையைப் பிடித்து மெல்லக் கூட்டிப்போவது போல, வலது கையை மேலே உயர்த்திக்கொண்டு நடந்தது.

"இதோ வந்துட்டேன்" என்றது, யாருக்கோ.

லர்லீன் அலறிக்கொண்டு ஓடினாள். குழியின் விளிம்பில் குழந்தையை வாரி எடுத்தாள்.

"அம்மா, வாங்க, போயிடலாம்" என்றார் ஹாலக். "இது அவங்க வழக்கம். நாம தலையிடக் கூடாது."

லர்லீன் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் எதிரே நின்ற அக்காவைப் பார்த்தாள். ஒரு கையால் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டாள்.

"வேற குழந்தை இருக்கு" என்றாள். "என் மக. மிம்பா. அக்கா, வாங்கிக்க."

குழந்தையைப் பெட்டிக்கு மேலாக நீட்டினாள். தாமசினா கையை நீட்டிப் பிடித்தாள்.

பிடித்தவள் திகைத்துப்போனாள். அந்த ஒட்டிய உடம்பு கனத்தது. நாலு பேர் தூக்கும் கல் போலக் கனத்தது. அந்தப் பக்கம் லர்லீனின் கை நடுங்கியது, இந்தப் பக்கம் தாமசினாவின் தோள் பிடுங்கிக்கொண்டு வந்தது. குழந்தை பெட்டிக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில், இங்கேயும் வராமல் அங்கேயும் போகாமல் நின்றது. கீழே பெட்டி முனகியது. ஜனங்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"விட மாட்டேங்கறாரு" என்று யாரோ சொன்னார்கள்.

"லர்லீன்!" தாமசினா கத்தினாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது. "அவருக்குப் பாப்பா வேண்டாம்டி. அவர் உன்கிட்ட கேக்கறாரு. சொல்லிடு!"

லர்லீன் அழுதாள். அழுகையோடேயே சொன்னாள், ஊர் கேட்க, துரை கேட்க.

"அப்பா, அன்னைக்குக் கடைக்கு வந்தவர் நீங்க, என் அப்பா. தெரியாதுன்னு சொன்னேன். உங்களைப் பின்வாசலுக்குப் போகச் சொன்னேன். நீங்க போட்டுட்டுப் போன மூட்டையைக்கூட நான் எடுக்கல, பயந்துக்கிட்டு. அது அங்கயே கெட்டுப் போச்சுப்பா. தப்பு பண்ணிட்டேன். நான் எசாயா பிளைகன் மக. இங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன். பாப்பாவை விட்டுடுங்கப்பா. அவ ஒண்ணும் பண்ணல."

சதுப்பில் காற்று நின்றது. பாசி அசையவில்லை. பிறகு, பிடித்துக்கொண்டிருந்த கை தளர்வது போல, கனம் இறங்கியது. தாமசினா பின்னால் சாய்ந்து விழப் போனாள், பின்னால் நின்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அவள் மார்பில் ஒரு சாதாரணக் குழந்தை கிடந்தது. உடம்பு சுட்டது, வியர்த்திருந்தது. சேற்று வாசனை இல்லை. மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டிருந்தது.

"ஆமென்" என்றார் செபதே.

ஹாலக் அங்கேயே நின்றிருந்தார். முகம் பழுத்த தக்காளியாகச் சிவந்திருந்தது.

"நீ பிளைகன் பொண்ணா?" என்றார். 'அம்மா'வும் போச்சு, 'வாங்க'வும் போச்சு.

"ஆமா."

"டீஸ்டேலுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உன் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்" என்றார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. "இதுக்குச் சட்டம் இருக்கு." கையில் பிடித்திருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். கார் கதவு அறைந்து மூடியது. அவர் வீட்டில் டெலிபோன் இருக்கிறது.

* * *

அடக்கம் முடிந்து ஜனங்கள் தாமசினாவின் வீட்டு முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மரத்தடியில் பெரிய சட்டிகளில் தக்காளிச் சோறு, நண்டு, வெண்டைக்காய்க் குழம்பு. லர்லீன் வேலிக்கு வெளியே நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை, அவளாகவே உள்ளே வரவில்லை.

தாமசினா வந்தாள்.

"என்ன, பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

"பஸ்ஸுல ஏறி எங்கக்கா போறது? அவர் போன் பண்ணியிருப்பாரு. எனக்கு இனிமே அங்க இடம் கிடையாது. இங்க வர எனக்கு முகம் கிடையாது."

அணைத்துக்கொள்ளத்தான் கை பரபரத்தது. ஆனால் தாமசினாவுக்குப் பொய் வராது.

"இங்க பாரு. வீட்ல இடம் இருக்கு. மன்னிப்புதான் இன்னும் வரல. அது வரும்போது வரட்டும். நீ முதல்ல உள்ள வந்து சாப்பிடு."

லர்லீன் உள்ளே வந்தாள். லாட்டி நகர்ந்து இடம் கொடுத்தாள், "உக்காருடி வெளுத்தவளே" என்று. குழந்தை அப்போதுதான் விழித்து, "பசிக்குது" என்றது. நாலு நாள் பட்டினிக்கும் சேர்த்து ஒரு தட்டு, இரண்டாவது தட்டு, மூன்றாவதாக நண்டுக் கால். லர்லீன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தாமசினா இரண்டு அதட்டல் போட்ட பிறகுதான் ஒரு வாய் வைத்தாள்.

இரண்டரை மணி இருக்கும். பாலத்துப் பலகைகள் தடதடத்தன. சாம்பல் நிறக் கார் ஒன்று மெதுவாக வந்தது. வழி தெரியாத வண்டி. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் நின்று நின்று வந்தது.

லர்லீனின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

"அது வாரனோட வண்டி."

சவான்னாவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். ஹாலக் கிளம்பிப் போயே ஒரு மணி நேரம்தான் ஆகிறது. போன் வருவதற்கு முன்னாலேயே மனுஷர் கிளம்பியிருக்க வேண்டும். தாமசினா இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏன் கிளம்பினார், எவ்வளவு தெரிந்து கிளம்பினார் என்பதுதான் பிடிபடவில்லை.

"பின்னால சமையல்கட்டு வழியா சதுப்புக்கு இறங்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார் செபதே. "படகு இருக்கு. நாங்க ஒண்ணும் பார்க்கல."

நூற்றைம்பது பேரும் ஒன்றும் பார்க்காதவர்களாக முகத்தை மாற்றிக்கொள்ளத் தயாரானார்கள்.

லர்லீன் எழுந்தாள். கார் நாலு வீடு தள்ளி நின்று மறுபடி கிளம்பியது.

"வேண்டாம் மாமா" என்றாள். குழந்தையின் வாயைத் துடைத்தாள், இடுப்பில் தூக்கிக்கொண்டாள். முற்றத்தைக் கடந்து முன்வாசல் படலைத் திறந்து, தெரு நடுவே, கார் வரும் வழியில் போய் நின்றாள்.

தாமசினா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போய் அவள் பக்கத்தில் நின்றாள்.